வாய் திறந்தால் பணம் பிழைக்கும்!

பண்ருட்டியில் ஒரு பாங்கி இருந்தது.

கம்ப்யூட்டர் இருந்தது. செலான் இருந்தது. ரப்பர் ஸ்டாம்பும் இருந்தது. எல்லாம் இருந்தும் அது பாங்கி அல்ல!

ஸ்டேட் பாங்கியின் கிளை என்று சொல்லி, ஒரு வாலிபர் போலிக் கிளையையே தொடங்கிவிட்டார். ஊரடங்கு காலத்தில் நடந்த இந்த வேலை 2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிச்சத்துக்கு வந்தது. போலீசார் 3 பேரைக் கைது செய்தார்கள். செய்தியைக் கேட்டு நாடே வியந்தது. சிலர் சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தப் போலி பாங்கி எப்படிப் பிடிபட்டது?

துப்பறியும் நிபுணர் யாரும் வரவில்லை. பெரிய யந்திரம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்தது. அவர் அதை மனதுக்குள் பூட்டி வைக்கவில்லை. நேரே உண்மையான கிளைக்குப் போய் விசாரித்தார். அதோடு மோசடி உடைந்தது.

ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். அவ்வளவுதான்! கடலூர் மாவட்டம் நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

இன்றைய மோசடிக்குக் கட்டடம் கிடையாது. வாடகை இடம் தேவை இல்லை. அது செல்போன் வழியாக வீட்டுக்குள்ளேயே வருகிறது. அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் பேசுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் பேசுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரியாது. பக்கத்து அறையில் இருப்பவருக்கும் தெரியாது.

ஆகவே, கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். சொல்வதற்கு நாலு பேர் வேண்டும். அதற்குத்தான் ஊர்க்கூட்டம்.

சைபர் குற்றத்தை எதிர்க்கக் கூட்டமா, கூட்டம் போட்டால் கள்ளன் ஓடிவிடுவானா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கீழே இருக்கிறது.

எவ்வளவு போயிற்று?

2023ஆம் ஆண்டில் இந்திய மக்கள் சைபர் மோசடிகளில் இழந்த பணம் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024ஆம் ஆண்டில் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய். இது மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் சொன்ன கணக்கு.

ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு!

இது முதலாளிகளின் பணம் மட்டும் அல்ல. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் இதில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் இருக்கிறது. கரும்பு வெட்டி அனுப்பிய பணம் இருக்கிறது. 35 வருஷம் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவரின் கிராஜுவிட்டியும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் வராத பணமும் உண்டு. வெட்கத்தால் புகார் செய்யாதவர்களின் பணம் அது.

கள்ளன் கையில் நாலு சாவி

பூட்டை உடைப்பவன் பழைய கள்ளன். இவன் பூட்டை உடைப்பதில்லை. வீட்டுக்காரரையே திறக்கச் செய்கிறான். அதற்கு அவனிடம் நாலு சாவிகள் இருக்கின்றன.

முதல் சாவி, பயம். இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும் என்று ஒரு செய்தி வரும். பாங்கிக் கணக்கு முடக்கப்படும் என்று இன்னொன்று வரும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்று ஒருவன் போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றுவான்.

இரண்டாவது சாவி, ஆசை. வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்பான். பங்கு மார்க்கெட்டில் பணம் இரட்டிப்பாகும் என்பான். முதலில் 500 ரூபாய் கொடுப்பான். பிறகு 5 லட்சத்தைக் கறப்பான்.

மூன்றாவது சாவி, அவசரம். பத்து நிமிஷத்தில் முடிவு செய் என்பான். யோசிக்க விட்டால் மீன் தூண்டிலை விட்டு நழுவிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

நாலாவது சாவி, தனிமை. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. "யாரிடமும் சொல்லாதே" என்பான். கதவைச் சாத்து என்பான். போனை வைக்காதே என்பான். பிள்ளைக்குச் சொன்னால் பிள்ளையையும் பிடிப்போம் என்று மிரட்டுவான்.

இந்த நாலாவது சாவிக்கு "டிஜிட்டல் கைது" என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்கும் கிடையாது. போலீசாரோ, சி.பி.ஐ.யோ, கோர்ட்டோ, யாரும் வீடியோவில் கைது செய்வதில்லை. வழக்கைத் தீர்க்கப் பணம் அனுப்பு என்று கேட்பதும் இல்லை. கேட்டால் கள்ளன்!

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்பது தவறு. 2024ஆம் ஆண்டு லூதியானாவைச் சேர்ந்த பெரிய ஆலை அதிபர் ஒருவர் இதில் சிக்கினார். வயது 80ஐத் தாண்டியவர். உலக வியாபாரம் தெரிந்தவர். சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லி அவரை மிரட்டினார்கள். சுப்ரீம் கோர்ட்டு விசாரணையைப் போல ஒரு நாடகமே வீடியோவில் நடத்தினார்கள். தலைமை நீதிபதி வேஷத்தில் ஒருவன் பேசினான். 7 கோடி ரூபாய் போயிற்று!

ஆனால், அவர் மூடி மறைக்கவில்லை. புகார் செய்தார். 5 கோடி ரூபாய்க்கு மேல் மீட்கப்பட்டது. வாய் திறந்ததால் வந்த பணம் அது!

2024ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி பிரதமர் மோடி தமது வானொலிப் பேச்சில் இந்த மோசடியை எடுத்துச் சொன்னார். நில், யோசி, செயல்படு என்று மூன்று படிகளைக் கூறினார். 2025ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, "டிஜிட்டல் கைது" மோசடிகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. நாட்டின் உயர்ந்த கோர்ட்டே கவலைப்படும் அளவுக்கு இந்த நோய் முற்றிவிட்டது.

நெல்லிக்குப்பமும் நெய்வேலியும்

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே இருக்கிறது நெல்லிக்குப்பம். பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலையால் 19ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் கரும்பு. அதே மாவட்டத்தில்தான் நெய்வேலியும் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு தொடங்கிய பழுப்பு நிலக்கரிக் கம்பெனி அங்கே ஒரு நகரத்தையே உண்டாக்கியது.

இரண்டு ஊருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. உழைத்த பணம் மொத்தமாகக் கைக்கு வரும் ஊர்கள் இவை.

கரும்பு விவசாயிக்கு வருஷம் முழுவதும் செலவு. வரவு, கரும்பு வெட்டிய பிறகுதான். அது பாங்கிக் கணக்கில் வந்து விழும். நெய்வேலியில் ஓய்வு பெறும் தொழிலாளிக்குப் பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்தாற்போல் வரும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நஷ்டஈடும் மொத்தமாகவே வரும்.

கையில் மொத்தப் பணம். வீட்டில் வயதானவர் இருவர். பிள்ளைகள் சென்னையிலோ, பெங்களூரிலோ, துபாயிலோ வேலை செய்கிறார்கள். கள்ளனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன்காரர்கள் பலர் உயிருடன் இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். இதையும் கள்ளன் தெரிந்து வைத்திருக்கிறான். சான்றைப் புதுப்பித்துத் தருகிறேன், போனில் வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்கிறான். எண்ணைச் சொன்னால் பணம் போயிற்று.

பாங்கியோ, பென்ஷன் ஆபீசோ அந்த எண்ணைக் கேட்பதே இல்லை. அது வீட்டுச் சாவி போன்றது. வீட்டுச் சாவியைக் கேட்கும் விருந்தாளி விருந்தாளி அல்ல!

கூட்டம் நடத்துவது யார்?

கம்ப்யூட்டர் படித்த வாலிபர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கூடிப் பேசும் சங்கங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருக்கிறது. கிராமத்து மாணவர்களுக்குப் பணம் வாங்காமல் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள். காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் அப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. "நல்" என்ற குழு, கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கென்றே பல நகரங்களில் இலவசக் கூட்டங்கள் நடத்தி வந்திருக்கிறது.

இவர்கள் சம்பளத்துக்குப் பேசுகிறவர்கள் அல்ல. தெரிந்ததைப் பகிர்ந்து கொள்ள வருகிறவர்கள். பூட்டு எப்படி உடைகிறது என்பது இவர்களுக்குத் தெரியும். எப்படிப் பூட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

சர்க்காரும் ஒரு நாளைக் குறித்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமையைச் சைபர் விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடும்படி உள்துறை இலாகா ஏற்பாடு செய்தது. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சுற்றறிக்கை போயிற்று.

ஆள் இருக்கிறார்கள். நாளும் இருக்கிறது. இல்லாதது என்ன?

கேட்க வேண்டியவர்கள் கூட்டத்தில் இல்லை!

யாருக்காகக் கூட்டம்?

வழக்கமான கூட்டம் எப்படி நடக்கிறது? கல்லூரி மண்டபத்தில் நடக்கிறது. பேச்சாளருக்குப் பொன்னாடை. பாதிப் பேச்சு இங்கிலீஷில். கடைசியில் போட்டோ. பிறகு டீ. எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கேட்டவர்கள் யார்? ஏற்கனவே தெரிந்த மாணவர்கள். ஏமாறுகிறவர்கள் யார்? மாணவர்களின் பாட்டிகள்! பாட்டியை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

ஆகவே, மக்கள் இருக்கும் இடத்துக்குக் கூட்டம் போக வேண்டும். கரும்பு எடை போடும் இடத்துக்குப் போகட்டும். ரேஷன் கடை வரிசைக்குப் போகட்டும். மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் போகட்டும். நெய்வேலியில் வட்டத்துக்கு வட்டம் பூங்காவிலும் சங்க ஆபீசிலும் நடக்கட்டும். கோவில் திருவிழாவிலும், பள்ளிவாசல் தெருவிலும், சர்ச் வாசலிலும் நடக்கட்டும். தமிழில் நடக்கட்டும்!

அங்கே பேச்சு குறைவாக இருக்கட்டும். ஒத்திகை அதிகமாக இருக்கட்டும்.

நீச்சலைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லித் தர முடியாது. தண்ணீரில் இறக்கித்தான் சொல்லித் தர வேண்டும். அதுபோல, ஒரு வாலிபர் கள்ளனாக நடித்துப் போன் செய்யட்டும். ஒரு பெரியவர் பதில் சொல்லட்டும். எந்த இடத்தில் தடுமாறினார் என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டும். சிரித்துக்கொண்டே கற்ற பாடம் மறக்காது.

சதுரக் கட்டம் போட்ட க்யூஆர் படம் எதற்கு என்று காட்டட்டும். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால், பணம் நம் கணக்கிலிருந்து போகும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. இந்த ஒரு உண்மையை எல்லோரும் தெரிந்து கொண்டால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

முன்பின் தெரியாத எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு பைல் வந்தால் திறக்கக் கூடாது. அபராத ரசீது என்று வந்தாலும் திறக்கக் கூடாது. அது பத்திரிகையும் அல்ல, ரசீதும் அல்ல. போனுக்குள் புகும் திருடன்! இதையும் போனில் காட்டட்டும்.

மகன் குரலிலேயே ஆபத்து என்று அழுது பணம் கேட்கும் தந்திரமும் வந்துவிட்டது. யந்திரம் குரலை அப்படியே காப்பி செய்கிறது. இதற்கு வழி என்ன? குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக் கொள்ளலாம். அந்தச் சொல் தெரியாதவன் மகன் அல்ல. அல்லது போனை வைத்துவிட்டு, மகனின் பழைய எண்ணுக்குக் கூப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

முதல் மணி நேரம்

பாம்பு கடித்தால் என்ன செய்கிறோம்? ஜாதகம் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பணம் போனாலும் அப்படித்தான் ஓட வேண்டும்.

1930. இதுதான் ஓட வேண்டிய எண். நாடு முழுவதற்கும் ஒரே எண்.

ஏன் உடனே ஓட வேண்டும்? கள்ளன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. முதல் கணக்கிலிருந்து நாலு கணக்குக்கு மாற்றுவான். நாலிலிருந்து பத்துக்கு மாற்றுவான். பிறகு ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவான். எல்லாம் சில நிமிஷங்களிலும் சில மணி நேரங்களிலும் முடிந்துவிடும்.

1930க்குச் சொன்னால், புகார் உடனே சம்பந்தப்பட்ட பாங்கிக்குப் போகிறது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால், அது அங்கேயே நிறுத்தி வைக்கப்படுகிறது. அடுத்த பாங்கிக்குப் போயிருந்தால், அங்கேயும் துரத்திப் போகிறது. நிறுத்திய பணம் பிறகு உரியவருக்குத் திரும்பி வரலாம்.

பணம் போன பிறகு ஒருநாள் முழுவதும் அழுதுகொண்டிருந்தால் துரத்த ஒன்றும் மிஞ்சாது.

போன் செய்யும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை இவை: பணம் போன தேதி, நேரம், தொகை, எந்த பாங்கி, பணப்பரிமாற்ற எண், கள்ளன் பேசிய எண். வந்த செய்திகளை அழிக்கக் கூடாது. அவைதான் சாட்சி!

சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற சர்க்கார் இணையதளத்திலும் புகார் எழுதலாம். இது 2019ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. கடலூரில் மாவட்டத்துக்கென்று சைபர் கிரைம் போலீஸ் நிலையமும் இருக்கிறது.

பாங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் பாங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் மேலும் தவறு இல்லை, பாங்கி மேலும் தவறு இல்லை, வெளியாள் செய்த மோசடி என்றால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை என்று அதில் கூறியது. ரகசிய எண்ணைத் தாமே சொல்லி ஏமாந்தவருக்கு, பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் பாங்கியுடையது என்றும் கூறியது.

எப்படிப் பார்த்தாலும், முந்திச் சொன்னவருக்கு லாபம். மூடி வைத்தவருக்கு நஷ்டம்.

வாலிபர்களே, கணக்கை வாடகைக்கு விடாதீர்கள்!

இந்தக் கூட்டங்களில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது ஏமாறுகிறவர்களுக்கு அல்ல. வேலை தேடும் பிள்ளைகளுக்கு.

கள்ளன் திருடிய பணத்தை எங்கே போடுகிறான்? தன் கணக்கில் போடுவதில்லை. ஏதோ ஓர் ஏழை வாலிபரின் கணக்கில் போடுகிறான். உன் பாஸ் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதம் இவ்வளவு கமிஷன் என்கிறான். சும்மா கிடக்கும் கணக்குதானே என்று பிள்ளை கொடுத்துவிடுகிறது.

ஒருநாள் வேறு மாநிலத்துப் போலீசார் வீட்டுக்கதவைத் தட்டுகிறார்கள். கள்ளன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. கணக்குக்காரர் பெயர் மட்டும் தெரியும். கைது ஆகிறவர் அவர்தான். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றும் குற்றத்துக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 3 வருஷம் வரை ஜெயில் தண்டனையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கூட்டாளிக்கும் அதில் பங்கு வரும்.

இன்னொரு பொறி வெளிநாட்டு வேலை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். நம்பிப் போன பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தினார்கள். அங்கே அடைத்து வைத்து, மற்றவர்களைப் போனில் ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தவர்களைக் கொடுமைப்படுத்தினார்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில், அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள்.

போனில் மிரட்டுகிறவனே சில சமயம் ஓர் அடிமை! எவ்வளவு பெரிய கொடுமை இது!

சர்க்காரின் கடமை

மக்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சர்க்காரும் பாங்கிகளும் ஒதுங்கிக் கொள்ளக் கூடாது. கதவைப் பூட்டுவது வீட்டுக்காரர் வேலை. ரோந்து வருவது போலீசார் வேலை. இரண்டும் வேண்டும்.

70 வயதுப் பெரியவரின் கணக்கிலிருந்து, என்றும் இல்லாத வழக்கமாக, ஒரே நாளில் சேமிப்பு முழுவதும் போகிறது. பாங்கியில் இருப்பவர் ஒரு வார்த்தை கேட்கலாம். வைப்புத் தொகையை முறிக்க வரும் பெரியவர் பதற்றமாக இருந்தால், யாராவது போனில் மிரட்டுகிறார்களா என்று மெல்ல விசாரிக்கலாம். அந்த ஒரு கேள்வியால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

போலீஸ் நிலையத்தில், இது எங்கள் எல்லை அல்ல என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிவு செய்யலாம். மின்னணு முறையில் அனுப்பிய புகாரையும் ஏற்கலாம். அதில் 3 நாட்களுக்குள் கையெழுத்துப் போட்டால் போதும்.

மனது வைத்தால் வேகமாக முடிக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடே உதாரணம். 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஒரு பெண்மணி புகார் கொடுத்தார். இணையத்தில் தம்மைப் பற்றி ஒருவன் ஆபாசமாக எழுதுகிறான் என்பது புகார். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி எழும்பூர் கோர்ட்டில் அவனுக்குத் தண்டனை கிடைத்தது. ஆபாசத்தை இணையத்தில் வெளியிட்டதற்காக அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று அது பேசப்படுகிறது.

அந்தப் பெண்மணி வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்திருந்தால்? குற்றவாளி தப்பியிருப்பான். சட்டம் புத்தகத்தில் தூங்கியிருக்கும்.

திட்டாதீர்கள்!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. அதைக் கூட்டத்தில் செய்ய முடியாது. வீட்டில்தான் செய்ய வேண்டும்.

ஏமாந்தவரைத் திட்டாதீர்கள்.

"உனக்கு அறிவு இருக்கிறதா?" என்று மகன் அப்பாவைக் கேட்கிறான். "வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதா?" என்று கணவன் மனைவியைக் கேட்கிறான். இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஏமாந்தவர் வாயை மூடிக் கொள்கிறார். முதல் மணி நேரம் போகிறது. முதல் நாள் போகிறது. இழந்ததை எடுக்கக் கடன் வாங்கி மேலும் கொடுக்கிறார். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் நாட்டில் இருக்கிறார்கள்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். அப்பா போனால்?

வீட்டில் கொள்ளை போனால் வீட்டுக்காரரைப் பார்த்து ஊர் பரிதாபப்படுகிறது. போனில் கொள்ளை போனால் மட்டும் ஊர் சிரிக்கிறது. இது என்ன நியாயம்? இரண்டும் கொள்ளைதான். வெட்கப்பட வேண்டியவன் கொள்ளைக்காரன். கொடுத்தவர் அல்ல.

மாதம் ஒரு கூட்டம் நடந்தால் இந்த வெட்கம் உடையும். எனக்கும் இப்படி ஒரு போன் வந்தது என்று ஒரு பெரியவர் எழுந்து சொன்னால், அடுத்த வரிசையில் இருப்பவருக்கும் தைரியம் வரும். மேடையில் இருக்கும் நிபுணர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, அந்த ஒரு பேச்சுக்கு வலிமை அதிகம். கூட்டத்தின் உண்மையான பலன் இதுதான்.

இடைவிடாத வேலை

ஒரு கூட்டம் போட்டால் போதுமா? போதாது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. அந்த நீரை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நேற்று இறைத்தோம் என்று இன்று நிறுத்தினால் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும். இறைப்பது நிற்காமல் நடப்பதால்தான் நிலக்கரி வருகிறது, விளக்கு எரிகிறது.

கள்ளனும் அந்தத் தண்ணீரைப் போன்றவன். எங்கே விரிசல் என்று அடியிலிருந்து தேடிக்கொண்டே இருக்கிறான். இந்த மாதம் பார்சல் என்பான். அடுத்த மாதம் பென்ஷன் என்பான். அதற்கு அடுத்த மாதம் என்ன சொல்வானோ தெரியாது. ஆகவே, மாதம் தவறாமல் கூட வேண்டும். புதிதாக வந்த பொய்யை ஊருக்கு அறிவிக்க வேண்டும்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு தெருவில் தொடங்கட்டும். நெய்வேலியில் ஒரு வட்டத்தில் தொடங்கட்டும். படித்த பிள்ளைகள் நாற்காலி போடட்டும். பெரியவர்கள் வந்து உட்காரட்டும். போலீஸ் அதிகாரியும் பாங்கி மானேஜரும் வந்து பதில் சொல்லட்டும்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் தெரியும்படி எழுதுங்கள். வீட்டில் மூத்தவரை உட்கார வைத்து, அது என்ன எண் என்று சொல்லுங்கள். சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

"எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள். நான் கோபப்படமாட்டேன்."